ஓடையைப் பங்கு போட்ட கூட்டம்

ஓடை நெடுக சாயக்கழிவு சேறாகக் கட்டிக் கிடந்தது. சாயப் பட்டறைக்காரர்களே அதை அள்ள வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பட்டறைக்கும் பூட்டு என்று அரசாங்க உத்தரவு வந்துவிட்டது. யார் எவ்வளவு தூரம் அள்ளுவது என்று முடிவு செய்ய அதிகாரி கூட்டம் போட்டார்.

பெரிய சாய ஆலை முதலாளி பொன்னுரங்கம் முதலில் எழுந்தார். "இங்கே பெரியவன் சின்னவன் கிடையாது. எல்லாரும் ஒண்ணுதான். சமமாப் பிரிச்சு அள்ளிடலாம்" என்றார்.

சின்னப் பட்டறைக்காரி வேலாத்தாள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சாயத்தொட்டி. அவளும் புருஷனும் மாசம் முழுக்க அள்ளினாலும் அந்தப் பங்கு தீராது. ஆனாலும் சிரித்த முகமாக எழுந்தாள்.

"அண்ணன் சொன்னது நெசந்தானுங்க. அவரு சாயம் போடற அளவுக்கு நாங்களும் போடறமுங்க. அவரு கட்டடம் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பொன்னுரங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா பேசறே? உன் தொட்டியும் என் ஆலையும் ஒண்ணா? இந்த ஊர்ல சாயமேறுற துணியில பத்துக்கு ஒன்பது என் ஆலையிலதான் ஏறுது. ஐயா வேணும்னா வந்து பார்க்கட்டும்."

"எதுக்குப் பார்க்கணும்? நீங்க சொன்னாச் சரிதான்" என்றார் அதிகாரி. "அப்ப ஓடையிலயும் பத்துக்கு ஒன்பது பங்கு உங்களுது. மீதி ஒரு பங்கை மத்தவங்க தொட்டிக் கணக்குல பிரிச்சுக்கட்டும்."

அத்தனை பேர் காதில் விழுந்ததைக் குறைத்துச் சொல்லப் பொன்னுரங்கத்துக்கு வழியும் இல்லை, மனசும் வரவில்லை.

மறுவாரம் அவருடைய ஆட்கள் வரிசையாக ஓடையில் இறங்கினார்கள். தன் பங்கை மதியத்துக்குள் அள்ளி முடித்த வேலாத்தாள், கரையில் குடைபிடித்து நின்ற முதலாளியிடம் போனாள்.

"மோர் கொண்டாரட்டுங்களாண்ணா? நீங்க இன்னும் ரொம்ப நாள் நிக்கோணுமே."