நண்டு எண்ணிய வானம்

கடற்கரை மணலில் ஒரு சின்ன நண்டு வளை தோண்டி வாழ்ந்தது. அதன் பெயர் கடுகன். அலை உள்வாங்கிக் கடல் வற்றியதும் அது வெளியே வரும். மணலை வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் இரையைத் தின்னும். மிச்ச மணலை உருட்டி வைக்கும். ஒரு வற்றத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு உருண்டைகள். கூடாது, குறையாது. வளையைச் சுற்றிப் பூ விரிந்ததுபோல் இருக்கும். பிறகு அலை வந்து அத்தனையையும் அழித்துவிடும்.

பக்கத்தில், ஒரு காலிச் சங்குக்குள் குடியிருந்தது செங்காலன் என்ற நண்டு.

“என்ன தம்பி, இன்றைக்கும் துப்பியாயிற்றா?” என்று அது சிரித்தது.

“துப்பவில்லை அண்ணே, அடுக்கினேன்!”

“துப்பியதை அடுக்கினால் கோலமாகிவிடுமா? அலை வந்தால் ஒன்றாவது மிஞ்சுமா? வெட்கமாக இல்லை? பாறைக்கு அடியில் உன் அளவுக்கு ஒரு சங்கு கிடக்கிறது. நாளைக்கே வந்து புகுந்துகொள். இந்த உருட்டல் வேலையை விடு!”

கடுகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “வருகிறேன் அண்ணே” என்றது.

அன்று இரவு அதற்குத் தூக்கம் வரவில்லை. வளையை விட்டு வெளியே வந்தது. நிலா இல்லை. மணலையே பார்த்துப் பழகிய கண்களை மேலே தூக்கியது.

வானம் முழுக்க உருண்டைகள்!

“அம்மாடி! மேலே எவ்வளவு பெரிய நண்டு இருக்கிறதோ!”

எண்ணத் தொடங்கியது. முந்நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டியது. ஆயிரத்தைத் தாண்டியது. கணக்குத் தப்பியது. தப்பியதில் அதற்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

கிழக்கு வெளுத்தது. உருண்டைகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

“ஐயோ, அங்கேயும் அலை வருகிறதே!”

காலையில் அது செங்காலனிடம் ஓடியது. “அண்ணே, ஒரே ஒரு நாள் பொறுங்கள்!”

மறு இரவும் பார்த்தது. வரிசையாக மூன்று, கொத்தாக ஆறு. நேற்று இருந்த இடத்திலேயே எல்லாம் இருந்தன! கடுகன் தன்னை அறியாமல் பாடியது:

“மேலே ஒரு கரை, கீழே ஒரு கரை;
அங்கே ஒளி உருண்டை, இங்கே மண் உருண்டை;
அழிந்தால் என்ன, நாளையும் வைப்போம்!”

விடிந்ததும், பாடிக்கொண்டே முந்நூற்றுப் பன்னிரண்டையும் அடுக்கி முடித்தது.

“சங்குக்கு வரவில்லையா? அலை வரப்போகிறதே!” என்றது செங்காலன்.

“வரட்டும் அண்ணே! வானத்தை விடியல் தினமும்தான் அழிக்கிறது. வானம் ஒரு நாளாவது சங்குக்குள் ஒளிந்துகொண்டதா?”

செங்காலன் திரும்பி நடந்தது. போகும்போது, ஓர் உருண்டையையும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனது.

நிலைக்காது என்று பிறர் கேலி செய்தாலும், தன் வேலையை அழகாகச் செய்கிறவர் யாருக்கும் குறைந்தவர் அல்லர்.