சர்க்கரை இல்லாத காபி யாருக்கு?

கவனகர் பூங்கோதைக்கு முப்பது வயதுதான். அவரிடம் பாடம் கேட்ட டாக்டர் அருளப்பனுக்கு ஐம்பத்தைந்து. ஊரார் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்வது அவர் தொழில்.

சுற்றிலும் எட்டுப் பேர் வெண்பா, கணக்கு, முதுகில் போடும் கற்களின் எண்ணிக்கை என்று மாறி மாறிக் கேட்பதையெல்லாம் மனத்தில் வைத்திருந்து, முடிவில் அவரவர் விடையை அவரவரிடம் சொல்வதுதான் கவனகம். அன்று மாலை டாக்டருக்கு முதல் மேடை. ஆனால் விலகிக்கொள்வதென்று முடிவு செய்து, ஒரு படத்தோடு மேடையின் பின்னறைக்கு வந்தார்.

"என் மூளைதாம்மா. இந்த வெள்ளை இழையெல்லாம் மூளையில ஒரு இடத்தை இன்னொரு இடத்தோட சேர்க்கிற பாதை. எனக்கு மெலிசா இருக்கு. அப்புறம் எட்டு விஷயத்தை எப்படிப் பிடிச்சு வைக்கிறது? நேத்து ஒத்திகையில வெண்பா கேட்டவங்ககிட்ட கணக்கோட விடையைச் சொன்னேன். ஊரே சிரிக்கும். என்னை விட்டுடுங்க."

பூங்கோதை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து கேட்டதையெல்லாம் இப்ப சொல்லுங்க."

டாக்டர் மளமளவென்று சொன்னார். ஒன்றுகூட விடுபடவில்லை.

"கணக்கு கேட்டது யாரு?"

"யாரோ ஒரு பெரியவர்."

"முதுகுல கல் போட்டது?"

"பின்னால இருந்தாங்க. பார்க்கலை."

"நேத்து கேட்ட அதே எட்டுப் பேரும் வெளியே வந்தாச்சு. பேரைக் கேளுங்க, யாருக்கு எப்படிக் காபி வேணும்னு கேளுங்க, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க. எழுதிக்கக் கூடாது."

டாக்டருக்குச் சுருக்கென்றது. காபி கொடுக்கவா இத்தனை நாள் படித்தோம்? ஆனாலும் போனார்.

வெண்பா கேட்டவர் செல்லாயி அம்மாள், ஓய்வுபெற்ற நர்ஸ். கணக்கு கேட்ட கந்தப்பன் பஸ் ஓட்டியவர், சர்க்கரை நோய்க்காரர். பேச்சுக் கொடுத்ததில் டாக்டருக்குத் தன் பயம்கூடச் சற்று மறந்துபோனது.

எல்லோருக்கும் கொடுத்து முடித்துத் திரும்பியவர் சட்டென்று அலறினார்.

"கந்தப்பன் ஐயா, குடிக்காதீங்க! அது செல்லாயி அம்மாவோடது!"

நல்லவேளை, யாரும் வாய் வைக்கவில்லை. இரண்டு தம்ளரையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, முகம் சிவக்கப் பின்னறைக்கு வந்தார்.

"பார்த்தீங்களாம்மா? இங்கேயும் மாத்திட்டேன்."

"யாரோடது யார்கிட்ட போச்சுன்னு தெரிஞ்சுதானே கத்தினீங்க?" என்றார் பூங்கோதை. "மேடையிலயும் அவங்கதான் உட்கார்ந்திருக்காங்க. போங்க, மேடை ஏறுங்க."