முதலில் பழுத்த இலை

காது கொடுங்கள் பிள்ளைகளே. பெரியவர்களும் கொடுக்கலாம், இது உங்களுக்கும் வேண்டிய கதைதான்.

முன்னொரு காலத்தில் மருதங்கோ என்றொரு ராஜா மலைநாட்டுப் பெண் வேரலை மணந்தான். அவள் அண்ணன் கல்யாணச் சீராக ஒரு செடி கொடுத்தான். மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, காற்றில் வேர் தொங்க வளரும் பூச்செடி. இன்று ஆர்க்கிட் என்கிறோமே, அதுதான்.

"வைகாசியில் வருவேன் மாப்பிள்ளை. செடி வாடியிருந்தால் என் தங்கையும் வாடுகிறாள் என்று அர்த்தம். கையோடு கூட்டிப்போய்விடுவேன்" என்றான்.

ராஜா அதைத் தங்கக் குடத்தில், வண்டல் மண்ணில் நட்டான். குடத்தில் ஓட்டை இல்லை. தங்கத்தில் யார் ஓட்டை போடுவார்கள்?

மாசியில் அடி இலை ஒன்று மஞ்சளானது. "அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் தித்தா?" என்று ராஜா தோட்டக்காரனிடம் புலம்பினான்.

பயந்துபோன தித்தன் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினான். ராஜா யாருக்கும் தெரியாமல் உச்சிவேளையில் ஒரு செம்பு. ராஜாவின் முகத்தைப் பார்த்துப் பயந்த வேரல் மாலையில் ஒரு செம்பு. மலையில் மழைதான் ஊற்றும், அவளுக்கு மட்டும் அளவு எப்படித் தெரியும்?

பங்குனியில் இரண்டாவது இலை மஞ்சளானது. ஆளுக்கு இரண்டு செம்பு. சித்திரையில் மேல் இலையே குழைந்து மஞ்சளானது. ஆளுக்கு மூன்று செம்பு. அரண்மனையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கடைசியில் தித்தன் மனதைத் திடப்படுத்திக்கொண்டு செடியை வெளியே எடுத்தான். ராஜா பதறிப்போய் அவன் கையைப் பிடித்தான். நாற்றம் குப்பென்று வந்தது. வேரெல்லாம் பழுப்பாகக் கூழாகியிருந்தது, ஒன்றே ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது.

"இது தாகமில்லை அரசே, அழுகல். நான் இவ்வளவு ஊற்றவில்லையே."

ராஜா தலைகுனிந்தான். "மத்தியானம் நான் ஊற்றினேன்."

"சாயங்காலம் நான்" என்றாள் வேரல்.

தித்தன் அழுகிய வேர்களை நறுக்கி, வெட்டிய இடத்தில் மஞ்சள்தூள் வைத்து, ஓட்டையுள்ள மண்சட்டியில் கரித்துண்டும் மரப்பட்டையும் போட்டுச் செடியை நிறுத்தினான். "நாலு நாளைக்கு ஒரு சொட்டும் கூடாது" என்றான். அந்த நாலு நாளும் ராஜா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தான்.

வைகாசியில் அண்ணன் வந்தான். செடியில் இரண்டே இலைகள் இருந்தன. வேரல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜா ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அண்ணன் வேரைப் பார்த்தான். நுனியில் பச்சை துளிர்த்திருந்தது.

"முதலில் பழுத்தது எந்த இலை?"

"அடி இலை."

"அது வயதாகி உதிர்கிற இலை மாப்பிள்ளை. அப்போது செடிக்கு ஒரு நோயும் இல்லை." சிரித்துக்கொண்டே தங்கையைப் பார்த்தான். "இப்படிப் பயந்து பயந்து தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் இவள் வாடமாட்டாள். ஆனால் கொஞ்சம் மூச்சு விட விடுங்கள்."

ஆகையால், அன்பே ஆனாலும் பயத்தில் அள்ளிக் கொட்டாமல், முதலில் வேரைப் பார்க்க வேண்டும்.