டெமோவில் சிறுநீரகம் வராது

இதயத்தைப் பற்றிய முதல் பாடத்தை பிரிட்டோ அளவுக்குக் கரைத்துக் குடித்தவர் திண்டுக்கல்லில் வேறு யாரும் இல்லை. அதை அவன் ஒன்பது வாத்தியார்களிடம் கேட்டிருந்தான். ஒன்பதும் டெமோ வகுப்பு, ஒன்பதும் இலவசம்.

ஜார்ஜியா நாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவன் அவன். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க ஓர் உரிமத் தேர்வு எழுதித் தேற வேண்டும். பிரிட்டோ இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தான். தெருவே அவனை டாக்டர் என்று கூப்பிட்டது. ஒரு காய்ச்சல் மாத்திரை எழுதிக்கொடுக்க அவனுக்கு உரிமை கிடையாது.

அப்பாவுக்கு பெயின்ட் கடை. "இந்தத் தடவையும் ஆகலேன்னா விட்டுருய்யா. கடைக்கு வந்து கல்லாவுல உக்காரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அவனைப் பயமுறுத்தியது.

பேகம்பூரில் டாக்டர் கமருன்னிசாவின் கிளினிக் இருந்தது. தேர்வில் சறுக்கியவர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தே தேறிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அவர் பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோரும் அவரை குரு என்றார்கள்.

பிரிட்டோ போய் நின்றான்.

"மேடம், பரீட்சைக்கு எந்த ரிவ்யூ கோர்ஸ்ல சேரலாம்?"

"எதெல்லாம் பாத்த?"

"எல்லாம் பாத்துட்டேன் மேடம். சரபம்கிற கோர்ஸ்ல நோட்ஸ் நல்லாருக்கு, ஆனா சார் தூங்க வச்சிருவாரு. உச்சாணில சார் சூப்பரா பேசுவாரு, ஆனா வீடியோ அனுமார் வால் மாதிரி போகும். ராக்கெட்ல மாதிரித் தேர்வு அருமை, ஆனா மொபைல் ஆப் அடிக்கடி நின்னுரும்."

"எப்பலேர்ந்து பாக்கற?"

"நியூ இயர்லேர்ந்து."

"இப்ப?"

"ஈஸ்டர் முடிஞ்சிருச்சு மேடம்." அவன் குரல் தானாக இறங்கியது.

"பொண்ணு பாக்கறவன்கூட இவ்வளவு இழுக்க மாட்டான்" என்றார் குரு. "சரி, இதயம் எப்படித் துடிக்குதுன்னு சொல்லு."

பிரிட்டோ குழாயைத் திறந்துவிட்டதுபோல் கொட்டினான். மின்னோட்டம் எங்கே பிறக்கிறது, எப்படி இறங்குகிறது, எந்த வால்வு எப்போது மூடிக்கொள்கிறது, எல்லாம் வந்தது. ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. குரு கண்ணை மூடிக் கேட்டார்.

"பிரமாதம். சிறுநீரகம்?"

பிரிட்டோ தலையைச் சொறிந்தான்.

"அது டெமோல வராது மேடம்."

குரு சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் கதவை எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து ஜன்னல் பக்கம் போனார். சற்று நேரம் தெருவைப் பார்த்தபடி நின்றார். பெரியவர்கள் ஆழமாக யோசிக்கும்போது அப்படித்தான் நிற்பார்கள் என்று பிரிட்டோ பயபக்தியோடு காத்திருந்தான்.

"சரபம்" என்றார்.

"சரபமா? ஏன் மேடம்?"

"கேட்டது நீ. சொன்னது நான். அப்புறம் என்ன ஏன்?"

"இல்ல, ராக்கெட்ல மாதிரித் தேர்வு..."

"சரபம்தான். மாத்தணும்னு தோணுனா இங்க வந்து சொல்லிட்டு மாத்து."

"தோணாது மேடம்."

"தோணும்" என்றார் குரு.

சரபத்தில் சேர்ந்தான். அவன் பயந்தபடியேதான் இருந்தது. சார் குரல் மத்தியான நேரத்து ரேடியோ மாதிரி ஒரே சுதியில் ஓடியது. ஆனால் குருவே வாயைத் திறந்து சொன்ன கோர்ஸ் ஆயிற்றே! இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது, நமக்குத்தான் பிடிபடவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். தூக்கம் வந்தால் எழுந்து நின்று படித்தான். சிறுநீரகம் வந்தது, கல்லீரல் வந்தது, அவன் ஜென்மத்தில் எட்டிப் பார்க்காத தோல் வியாதிகள்கூட வந்தன.

பாதி தாண்டியபோது, ஜார்ஜியாவில் கூடப் படித்த நண்பன் போன் பண்ணினான். "இன்னும் சரபமாடா? ராக்கெட்ல வர்ற கேள்விதான்டா அப்படியே பரீட்சைல வருதாம்!"

பிரிட்டோவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் கிளினிக்குக்குக் கிளம்பினான்.

அவன் உள்ளே நுழைந்தபோது, பழநி பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் மாசிலாமணி குரு முன்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். மேஜைமேல் மூன்று மாத்திரை அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தார். மூன்றும் மூன்று டாக்டர்கள் கொடுத்தவை. மூன்றிலும் முதல் வரிசை மட்டும் காலி.

"டாக்டரம்மா, இதுல எது டாப்பு? அதைச் சொல்லுங்க, அதையே போட்டுக்கறேன்."

குரு பிரிட்டோவைப் பார்த்தார். "வாப்பா, நல்ல நேரத்துல வந்த. மருந்து நான் எழுதறேன். புத்தி நீ சொல்லு."

பிரிட்டோ அட்டைகளைப் பார்த்தான். அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏண்ணே, ஒண்ணைக்கூட முழுசாப் போடலியா?"

"ரெண்டு நாள் போட்டேன். கேக்கல. வேற டாக்டர்கிட்டப் போனேன்."

"ரெண்டே நாள்ல எப்படிண்ணே கேக்கும்?"

"கேக்கலேன்னா மாத்த வேண்டியதுதானே தம்பி? பஸ் மெதுவாப் போனா இறங்கி வேற பஸ் ஏற மாட்டமா?"

"ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு இறங்கி வேற பஸ் ஏறுனா பழநிக்கு எப்பண்ணே போய்ச் சேருவீங்க?" பிரிட்டோவின் குரல் ஏறிக்கொண்டே போனது. "எது டாப்புன்னு ஊரெல்லாம் கேட்டுக்கிட்டே திரியறீங்க. கேக்கற நேரத்துல கிருமி உள்ள வீடு கட்டிக் குடியேறிரும். எடுத்தா ஒரு கோர்ஸை எடுங்க. எடுத்த கோர்ஸை முழுசா முடிங்க. நடுவுல எவனாவது போன் பண்ணி அது நல்லது, இது நல்லதுன்னு சொன்னா காதுலயே..."

அங்கே நின்றுவிட்டான்.

"எனக்கு யாரும் போன் பண்ணலியே தம்பி" என்றார் மாசிலாமணி.

குரு கண்டக்டரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, மூன்று அட்டைகளையும் ஓரமாக ஒதுக்கி, புதிதாக ஒரு மருந்து எழுதி, கடைசி மாத்திரை வரை போட வேண்டுமென்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினார். பிறகு நிமிர்ந்தார்.

"நீ ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சே?"

"ஒண்ணுமில்ல மேடம். சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் மேடம்."

மூன்றாவது முறை எழுதி, தேறிவிட்டான். முடிவு வந்த அன்று பெயின்ட் கடையில் அப்பா தோளில் சாய்ந்து, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே வெட்கமில்லாமல் அழுதான். அப்பா தானும் அழுதுகொண்டு, கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் விலையில் தள்ளுபடி சொன்னார்.

அல்வாப் பொட்டலத்தோடு கிளினிக்குக்குப் போனான். சர்க்கரை நோயாளிகளை நாள் முழுக்கத் திட்டும் குரு, யாரும் பார்க்காத நேரமாகப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் நீங்க காட்டுன கோர்ஸ் மேடம். சரபம் மாதிரி வேற எதுவுமே வராது. இனி யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்."

குரு அல்வா மென்றார்.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். பெயர் பவதாரணி என்றாள். பிலிப்பைன்ஸில் படித்தவள், ஒரு முறை எழுதிச் சறுக்கியவள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"மேடம், எந்த கோர்ஸ்ல சேர்றதுன்னு தெரியல. யோசிச்சு யோசிச்சே பைத்தியம் பிடிச்சிரும்போல இருக்கு. நீங்க சொன்னா சரியா இருக்கும்னு சொன்னாங்க."

பிரிட்டோ பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். குரு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். சற்று நேரம் தெருவைப் பார்த்தபடி நின்றார்.

"உச்சாணி" என்றார்.

"உச்சாணியா மேடம்?"

"உச்சாணிதான். மாத்தணும்னு தோணுனா இங்க வந்து சொல்லிட்டு மாத்து."

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டு, படிக்கட்டில் ஓட்டமாக இறங்கினாள்.

பிரிட்டோ திறந்த வாயை மூடவில்லை.

"மேடம், எனக்கு சரபம்தான்னு சொன்னீங்க."

"ஆமா."

"அதுலதானே நான் பாஸ் பண்ணுனேன்?"

"ஆமா."

"அப்ப அவங்களுக்கு மட்டும் ஏன் உச்சாணி?"

குரு இன்னொரு துண்டு அல்வாவை எடுத்துக்கொண்டு, ஜன்னலைக் கண்ணால் காட்டினார். பிரிட்டோ போய் எட்டிப் பார்த்தான். எதிர்ச் சாரியில் ஓர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகில் மஞ்சள் எழுத்தில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள்: 'உச்சாணி ரிவ்யூ கோர்ஸ். உங்கள் வெற்றி எங்கள் பொறுப்பு.'

"நீ கேட்ட அன்னைக்கு வேற ஆட்டோ நின்னுச்சுப்பா" என்றார் குரு.