திமிலை இறக்காத ஒட்டகம்

பாலைவனத்தின் நடுவே ஓர் ஈச்சந்தோப்பு. அங்கிருந்த சுனையை நம்பி ஓர் ஒட்டகக் கூட்டம் வாழ்ந்தது. வழிப்போக்கருக்கு முதல் தண்ணீர், வீட்டாருக்கு அப்புறம்தான். இது அவர்களின் வழக்கம்.

அந்தச் சுனை வற்றியது. குட்டிகள் சேற்றை நக்கின. பாறைமலைக்கு அப்பால் துறைமுகத்தில் பெரிய குளம் இருந்தது. உலகத்து விலங்கெல்லாம் கூடும் இடம் அது. எப்படிப் போவது என்பதில்தான் சண்டை.

இளவட்டம் ஜுனைத், சுனைக்கு வந்துபோன துறைமுகக் குதிரைகளைப் பார்த்து மயங்கியவன். திமில் இருக்கும்வரை நம்மை எவரும் மதிக்கமாட்டார் என்றான். அது கரையட்டும் என்று தீனியையே விட்டான். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்! கிழவர் காசிமோ, பாறையில் கால் வைப்பதே முன்னோருக்குத் துரோகம் என்றார்.

குட்டியோடு நின்ற சபூராவுக்குக் கோபம் வந்தது.

"அப்பன் வெட்டுன கிணறுன்னு உப்புத் தண்ணியக் குடிக்கச் சொல்றீங்க காசிம் காக்கா. தம்பி, நீ கிணத்தையே தூர்க்கச் சொல்றே. எம் புள்ளைக்குத் தாகம்."

அவள் நேரே பாறைமலையில் மேய்ந்த ஒரு மலையாட்டிடம் போனாள். பாறையில் நடக்கக் கற்றுத் தரும்படி கேட்டாள். விழுந்தாள், முழங்கால் தேய்ந்தது, விடவில்லை. கற்றதைக் கூட்டத்துக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

புறப்பட்டார்கள். வழியில் மணற்காற்று வீசியது. தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. எல்லோரையும் திமில்தான் காப்பாற்றியது. திமில் வற்றிய ஜுனைத் சுருண்டு விழ, இருபுறமும் அணைத்து நடத்திப் போனார்கள். பாறையடியில் காசிம் நின்றுவிட்டார். சபூராவின் குட்டி தடுமாறாமல் ஏறுவதைப் பார்த்தார். அதன் பின்னாலேயே ஏறினார்.

குளத்தில் வலுத்தவருக்கே முதல் வாய். முண்டியடித்து முன்னேறிய ஒட்டகங்களின் முறை வந்தபோது, நொண்டிக் கோவேறு கழுதை ஒன்று அப்போதுதான் வந்து சேர்ந்தது. நாக்கு வறண்ட சபூராவின் குட்டி விலகி அதற்கு வழிவிட்டது.

நீங்களெல்லாம் யார் என்று ஒரு குதிரை வியந்து கேட்டது.

சபூரா தலை நிமிர்ந்து சொன்னாள்: "ஈச்சந்தோப்புக்காரங்க. எங்க ஊர்ல வந்தவங்களுக்குத்தான் முதல் தண்ணி."

குதிரை வெட்கப்பட்டுப் பின்வாங்கியது. இன்று அந்தக் குளத்துக்கே அதுதான் சட்டம். ஜுனைத் மறுபடி வயிறாரத் தின்கிறான்.

தன் முதுகில் உள்ளதை உதறாமல், பிறர் காலில் உள்ளதையும் கற்றுக்கொள்ளும் சமூகமே உலகக் குளத்தில் தலைநிமிர்ந்து நிற்கும்.