நானூற்றியொரு கேள்விகள்

திருமலைச்சாமிக்கு ஐம்பத்து நாலு வயது. அவருக்கு புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்த மேகலைக்கு முப்பத்தொன்று. ஆனாலும் குரு குருதான், சிஷ்யன் சிஷ்யன்தான்.

ஒருநாள் காலை அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ரத்தக் கொடையாளர் சங்கத்துக்காக அவர் எழுதிய இணையப் பக்கம் திறக்க நாற்பது வினாடி ஆனது.

"டேட்டாபேஸ் ரொம்ப மெதுவுங்க, டீச்சர்."

"நீங்க அதுகிட்ட நேரா பேசினீங்களா?"

"நான் எதுக்குங்க பேசோணும்? நடுவுல ஓ.ஆர்.எம்.னு ஒரு மென்பொருள் இருக்குதுங்க. நான் எழுதறதை அது டேட்டாபேஸோட பாஷையில கேள்வியா மாத்தி எடுத்துட்டுப் போயிரும். அந்தப் பாஷையே எனக்கு வேண்டியதில்லை."

"உங்க பேரைச் சொல்லி அது என்ன கேக்குதுன்னு பாருங்க."

ஓ.ஆர்.எம். கேட்டதெல்லாம் வரிசையாகப் பதிவாகியிருந்த பதிவேட்டைத் திறந்தார். முதல் கேள்வி, கொடையாளர்கள் யார் யார்? நானூறு பெயர்கள் வந்தன. அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும், இவர் கடைசியாக ரத்தம் கொடுத்தது எப்போது? பாவம், அது நானூறு தடவை நடையாய் நடந்திருந்தது. திருமலைச்சாமிக்கு வெட்கமாகிவிட்டது.

மேகலை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கேள்வியாக அவரையே எழுத வைத்தாள். பக்கம் தட்டியதும் வந்து நின்றது.

"அப்ப ஓ.ஆர்.எம்.மைத் தூக்கிப் போட்டுரலாங்களா?"

"அது மேல என்ன தப்பு? நீங்க சொன்னதைத்தான் செஞ்சுது."

அவர் போன் சிணுங்கியது. படித்தார். உடனே ஏதோ தட்டி அனுப்பினார்.

"யாருங்க?"

"மச்சானுங்க. மாத்திரை போட்டுட்டாளாம். தூங்குனாளான்னு கேட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "பொண்ணுக்கு ஒம்பதாம் மாசம். ஓசூர்ல இருக்கா. அவ கல்யாணத்துக்கு நான் போகலை. மூணு வருசமாப் பேச்சில்லைங்க. எல்லாம் மச்சான்தான் கேட்டுச் சொல்லுவாரு."

மனைவி இறந்துபோன பிறகு அவர் வீட்டில் பேச்சுக் குரலே இல்லை. மச்சானின் பதில் வந்து போன் சிணுங்குவது ஒன்றுதான் சத்தம். அதற்காகவே கேள்விகளை ஒவ்வொன்றாக அனுப்புவார்.

"ஒரு நாளைக்கு எத்தனை கேள்வி கேப்பீங்க?"

"இருபது இருக்குமுங்க."

"கேக்கணும்னு மனசுல இருக்கறது?"

அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க. நான் வரட்டுமான்னு."

"அதை மச்சான் கேட்டாரா?"

"அவர்கிட்ட நான் அதைச் சொன்னதே இல்லீங்க."

மேகலை போனை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதிலிருந்த பெயர்ப் பட்டியலில் மகளின் பெயர் வரை போனார். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"எடுக்க மாட்டாளுங்க, டீச்சர்."

"எடுக்கலைன்னா, அது உங்க பொண்ணோட பதில். மூணு வருசமா நீங்க வாங்கினதெல்லாம் மச்சானோட பதில்."