செம்பு சிந்தாத ஓபன் கார்

ஆவாரங்குளத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் வைரமணி மேஸ்திரியோடு நான் பேச்சை விட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது. அதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அந்த வருஷம் என் மகள் பொற்கொடிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஓபன் கார்தான் வேண்டும் என்று சம்பந்தி உலகநாதன் சொல்லிவிட்டார். டவுனில் ஓபன் கார் வைத்திருப்பவன் தாமோதரன் ஒருவன்தான். என் தங்கச்சி கல்யாணத்தில் வண்டியின் பின்பக்கம் மாலையைக் கட்டி, முன்பக்கத்தை மொட்டையாக விட்டு ஓட்டியவன் அவன். முப்பது வருஷம் ஆனால் என்ன, அவன் வாசலை நான் மிதிப்பேனா? என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதை மேஸ்திரியிடம் கொண்டுபோய், "கூரையை எடுத்துடும்வே" என்றேன்.

மேஸ்திரியும் அவர் தம்பிகள் சுடலையும் மூக்கையாவும் ஒரே பகலில் கூரையை அறுத்துவிட்டார்கள். எங்கே நின்று அறுத்தார்கள் என்று கேட்காதீர்கள். கூரை மேலேயே உட்கார்ந்து அறுத்தார்கள். மூன்று பேரும் பின் சீட்டில்தான் விழுந்தார்கள். அடி இல்லை.

அறுத்த பிறகுதான் தெரிந்தது. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் வண்டியின் முன்பாதி ஒரு பக்கம் போகிறது, பின்பாதி யோசித்துவிட்டு வருகிறது. கதவுகள் தானாகத் திறந்துகொள்கின்றன. ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது.

இதற்குள் சம்பந்தி வந்து சேர்ந்தார். கூட வந்த மாப்பிள்ளை திருமேனிக்கு, வந்த காலோடு எங்கள் ஊர்க் கிணற்றில் குதித்ததில் முதுகு பிடித்திருந்தது. குலுக்கல் ஆகாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சம்பந்தி ஒரு செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு சீட்டில் வைத்தார்.

"அண்ணாச்சி, கோயில்ல இருந்து மண்டபம் போறதுக்குள்ள இதுல ஒரு சொட்டுச் சிந்தக்கூடாது. சிந்திச்சுன்னா நாங்க வந்த வேன்லயே ஊருக்குத் திரும்பிருவோம். நான் சொன்ன சொல் மாற மாட்டேன்."

மறுநாள் சாயந்திரம் அழைப்பு. மேஸ்திரி வண்டியைப் பத்தடி ஓட்டிக் காட்டினார். செம்பில் பாதி காலி.

மூவரும் செம்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இது எந்தக் கிணத்துத் தண்ணிலே?" என்றார் மேஸ்திரி.

"மேலக்கிணறு அண்ணே," என்றான் சுடலை.

"அதான் பாத்தேன். மாப்பிள்ள குதிச்ச கிணறு. இன்னும் அலை அடங்கல."

கீழக்கிணற்றுத் தண்ணீரை மொண்டு வந்தார்கள். அதுவும் சிந்தியது. இரண்டு கிணற்றுக்கும் அடியில் ஊற்று ஒன்றுதான் என்று மூக்கையா விளக்கினான்.

நான் தலையில் அடித்துக்கொண்டு லேத் பட்டறை ஞானமுத்துவைக் கூட்டி வந்தேன். அவர் விவரமானவர். ஆனால் பஸ்ஸுக்கு அவசரம்.

"கூரைதான்வே வண்டிக்கு எலும்பு. அதை எடுத்தா வாழைமட்டை மாதிரி வளையத்தான் செய்யும். அடியில நடுவுல பலமா முட்டுக் கொடும். நாலு மூலையிலயும் கனம் வையும், அதிர்வு அடங்கும். கதவு ரெண்டையும் ஆட விடாதீரும்."

சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். நின்று பார்த்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு அவர் மேலும் உண்டு.

மறுநாள் காலையில் போனேன். வண்டி அடியில் குழி தோண்டி, ஒரு கல்தூணை நட்டு, சிமெண்டு பூசியிருந்தார்கள். வண்டி தூண் மேல் உட்கார்ந்திருந்தது. செம்பில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

"வண்டி எப்படிவே நகரும்?"

"ஆடக்கூடாதுன்னுதான அண்ணாச்சி சொன்னிய? நகரணும்னு சொல்லவே இல்லையே."

"நகர்றது வேற, ஆடுறது வேற!"

மேஸ்திரி தம்பிகளைப் பார்த்தார். மூவரும் யோசித்தார்கள்.

"இல்ல அண்ணாச்சி," என்றான் மூக்கையா. "அங்கிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தா ஆட்டம். திரும்பி வரலைன்னா நகர்றது."

"அப்ப மதுரைக்குப் போயிட்டு வந்தா?" என்றான் சுடலை.

"அது பெரிய ஆட்டம்."

தூணை உடைக்க மத்தியானம் ஆயிற்று. அடுத்தது கனம். மண்டபத்து ஆட்டுக்கல் நான்கையும் தூக்கி வந்து நான்கு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டினார்கள். சமையல்காரர் தேடிக்கொண்டு வந்தார். கயிற்றை அவிழ்க்க விடவில்லை. அவர் அரிசியையும் உளுந்தையும் எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து, அங்கேயே மாவாட்டிவிட்டுப் போனார்.

கதவுகளை ஆட விடாமல் இருக்க சுடலை ஒரு கதவையும் மூக்கையா ஒரு கதவையும் பிடித்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குக்கூட விடவில்லை.

சாயந்திரம் கோயில் வாசலில் மேளம் தயாராக நின்றது. கதவைத் திறக்கக்கூடாது என்பதால் மாப்பிள்ளையை வாழைத்தார் மாதிரித் தூக்கி மேலே வழியாக இறக்கினார்கள். முதுகு 'களுக்' என்றது. பக்கத்தில் செம்பு. சம்பந்தி குனிந்து செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி இன்ஜினைப் போட்டார். தண்ணீர் நடுங்கிற்று.

"அணைலே!" என்று தன்னைத்தானே அதட்டி அணைத்தார். "தள்ளிக்கிட்டுப் போவோம்."

அழைப்புக்கு வந்தவர்கள் பின்னால் நின்று தள்ளத் தொடங்கினார்கள். வண்டி நடுவில் லேசாக வளைந்தது. தண்ணீர் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தது.

"நிறுத்து!" என்றார் சம்பந்தி. "ஏன் வளையுது?"

மேஸ்திரி சுற்றி வந்து பார்த்தார். "நடுவுல பாரம் இருக்கு."

"என்ன பாரம்?"

"மாப்பிள்ள."

அவ்வளவுதான், வேனில் ஏறிவிடுவார்கள் என்று நினைத்தேன். பொற்கொடியின் முகம் கண்ணுக்குள் வந்தது. சம்பந்தி செம்பைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மறுபடி செம்பைப் பார்த்தார்.

"சொன்ன சொல் மாறக்கூடாது," என்றார். "எலே திருமேனி, இறங்கு."

மாப்பிள்ளையை மறுபடி மேலே வழியாகத் தூக்கி இறக்கினார்கள். அவனுடைய மாலையைச் செம்புக்குப் போட்டார்கள். பின்னால் தள்ள ஓர் ஆள் குறைந்தது. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினான். முன்னால் மேளம், நடுவில் செம்பு, பின்னால் மாப்பிள்ளை. தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து செம்பைப் பார்த்தார்கள். நல்ல களை என்று சொன்னார்கள்.

மண்டபத்து வாசலில் பெண்கள் செம்புக்கு ஆரத்தி எடுத்தார்கள். சம்பந்தி விளிம்போடு கண்ணை வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டுக் குறையவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, ஸ்டியரிங் பிடித்துக் களைத்துப்போன மேஸ்திரி செம்பைத் தூக்கினார். மடமடவென்று அண்ணாந்து குடித்துவிட்டு, காலிச் செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

மேளம் நின்றது. சம்பந்தி மெதுவாக மேஸ்திரியிடம் போனார். மேஸ்திரியின் மோவாயைத் தடவிப் பார்த்தார். சட்டையைத் தடவிப் பார்த்தார். குனிந்து தரையையும் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிந்தலை அண்ணாச்சி. முகூர்த்தத்துக்கு ஏற்பாடு பண்ணுங்க."